சூனியக்காரி வீட்டு அடுப்பை யாராவது அளந்து பார்த்தார்களா?

திருப்பூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. ஏழு வயது மகள் ஆங்கிலப் படக்கதைகள் நிறையப் படிக்கிறாள். போன மாதம் காங்கயம் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். அங்கே உங்கள் அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், திண்ணையில் உட்கார்ந்து பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வேப்பிலையால் மந்திரித்துக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த மகள் "விட்ச்! விட்ச்!" என்று கத்திக்கொண்டு காருக்குள் போய் ஒளிந்துகொண்டாள். இதை இங்கிலாந்தில் இருக்கும் தம்பியிடம் சொன்னபோது, அவரோடு வேலை பார்க்கும் ஒருவர் தன்னைப் பேகன் (கிறிஸ்தவத்துக்கு முந்தைய பழைய சாமிகளைக் கும்பிடுகிறவர்) என்று சொல்லிக்கொள்பவர் என்றும், இந்த மாதிரிக் கதைகள் எங்கள் மதத்தை இழிவுபடுத்துகின்றன என்று அவர் வருத்தப்படுவார் என்றும் தம்பி சொல்லியிருக்கிறார். அப்படியானால் நாமும் பேகன்தானா, இந்தப் புத்தகங்களை நிறுத்திவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

கேட்டிருப்பது புத்தகத்தைப் பற்றி. உறுத்துவது வேறு என்று தோன்றுகிறது. "ஏங் கண்ணு, புள்ள என்னத்துக்கு ஓடுது?" என்று அமுச்சி கேட்டாரென்றும், சொல்ல வாய் வரவில்லையென்றும் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதுதான் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் பள்ளிக்கூடத்தில் 26 ஆண்டுகள் தமிழ் ஆசிரியையாக இருந்தவள். நாட்டார் வழக்காற்றியல் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு கோபி பக்கம் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதைப் புத்தகம் வாசிக்கிறேன். பேகன் என்று பெயர் வைத்துக்கொண்டவள் இல்லை; எங்கள் குலதெய்வம் அங்காளம்மன். அவர்கள் தரப்பை அவர்கள் எழுதியதைப் படித்துத்தான் அறிவேன், கூட இருந்து பழகி அல்ல. அந்த அளவுக்கு என் பேச்சைக் கழித்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்தச் சொல். லத்தீனில் பாகுஸ் என்றால் நாட்டுப்புறம். அங்கே குடியிருப்பவன் பாகானுஸ், நம் வாய்வழக்கில் பட்டிக்காட்டான். இதுவரை சந்தேகமில்லை. அது எப்படிக் 'கிறிஸ்தவர் அல்லாதவர்' என்ற பொருளுக்குத் திரும்பியது என்பதில்தான் இழுபறி. நகரத்தார் சீக்கிரம் மதம் மாறினார்கள், காட்டுப்புறத்தார் பழைய சாமிகளை விடவில்லை, அதனால் வந்தது என்று ஒரு கட்சி. ரோமானியப் படையினர் பேச்சில் அந்தச் சொல்லுக்குச் சிப்பாய் அல்லாதவன் என்றும் பொருள் உண்டு, கிறிஸ்துவின் சிப்பாய்கள் என்று தங்களைக் கருதியவர்கள் மற்றவர்களை அப்படி அழைத்தார்கள் என்று இன்னொரு கட்சி. எப்படியோ, வசவாக இருந்த சொல்லை 20-ஆம் நூற்றாண்டில் சிலர் எடுத்துத் தலையில் சூடிக்கொண்டார்கள். அவர்களுக்குள் விக்கா என்பது ஒரு பிரிவு. இங்கிலாந்தில் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல்தான் நீங்கியது. 1954-இல் ஜெரால்டு கார்ட்னர் என்ற ஆங்கிலேயர் தன் கூட்டத்தைப் பற்றி வெளிப்படையாகப் புத்தகம் போட்டார். நிலா, பருவங்கள், ஒரு பெண் தெய்வம், ஓர் ஆண் தெய்வம், யாருக்கும் தீங்கில்லாதவரை உன் விருப்பப்படி செய் என்ற ஒரு கட்டளை. இவ்வளவுதான் சாரம். இவர்களில் பலர் 'விட்ச்' என்பதைத் தங்கள் பெயராகவே வைத்திருக்கிறார்கள். உங்கள் தம்பியின் நண்பருக்கு வலிப்பது இங்கேதான்.

நாமும் அவர்களில் சேர்த்தியா என்றால், தூரத்திலிருந்து பார்க்கிறவர்கள் நம்மையும் அந்த வரிசையில் நிறுத்தக்கூடும். கருப்பராயனும் கன்னிமாரும் இருக்கிற ஊர் நம்முடையது. ஆனால் அவர்களுடையது இடையில் அறுந்துபோய், ஏட்டைப் பார்த்தும் கற்பனையில் கட்டியும் மறுபடி முடிச்சுப் போட்ட கயிறு. நம்முடையது அறுபடவில்லை. பங்குனியில் பண்ணாரியம்மன் கோயிலில் குண்டம் இறங்க, அதாவது தீ மிதிக்க, வரிசையில் நிற்கிறவரிடம் போய் நீங்கள் பேகனா என்று கேட்டால், "அது எந்த ஊருங்க?" என்பார்.

பேகன்கள் தரப்பில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு வரலாறு உண்டு. ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று கொல்லப்பட்டவர்கள் உண்மையில் பழைய மதத்தை ரகசியமாகக் காத்துவந்த பெண்கள், மொத்தம் 90 லட்சம் பேர், பெரும்பாலும் மருத்துவச்சிகள் என்று. இதில் எது நிற்கும், எது நிற்காது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். கொலைகள் நிஜம். சுமார் 1450-இலிருந்து 1750 வரை 40,000 முதல் 60,000 பேர் வரை என்பது வழக்கு ஆவணங்களை எண்ணியவர்கள் இன்று சொல்லும் கணக்கு. நான்கில் மூன்று பங்குக்கு மேல் பெண்கள். 90 லட்சம் என்பது 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியில் ஒருவர் ஓர் ஊர்க் கணக்கை எடுத்துப் பெருக்கிச் சொன்னது. அதைத் தூக்கிப் போட்டுவிடலாம். ரகசியமாகப் பிழைத்திருந்த மதம் என்பதை 1921-இல் மார்கரெட் மர்ரே எழுதினார். இன்றைய வரலாற்றாளர்கள் அதை ஏற்பதில்லை. செத்தவர்கள் பெரும்பாலும் தங்களைக் கிறிஸ்தவர்களாகவே கருதிய சாதாரண சனங்கள். மருத்துவச்சிகளைக் குறிவைத்தார்கள் என்பதும் ஆவணங்களைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. இத்தனையும் கழித்தாலும் ஒன்று மிஞ்சுகிறது. குற்றம் சாட்டியவர்கள் பெரும்பாலும் அக்கம்பக்கத்தார். மாடு பால் வற்றியது, வெண்ணெய் திரளவில்லை, பிள்ளைக்குக் காய்ச்சல், நேற்று அவள் வாசலில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். வழக்குகள் இப்படித்தான் தொடங்கின.

படிக்கிறபோது எனக்கு எங்கள் ஊர் மேக்காலத் தோட்டத்து ஆத்தா ஞாபகம் வந்தார். தாலியறுத்தவர், பிள்ளை இல்லை, தோட்டத்துச் சாளையில், அதாவது குடிசையில், தனியாக இருந்தார். பிள்ளைகள் பயந்து அழுதால், சுளுக்குப் பிடித்தால், கண் பட்டால் அவரிடம்தான் தூக்கிக்கொண்டு ஓடுவோம். கல் உப்பு, வரமிளகாய், மூன்று சீமாத்துக் (விளக்குமாற்று) குச்சி, முச்சந்தி மண். சுற்றி அடுப்பில் போட்டால் மிளகாய் கமறக் கூடாது. கமறவில்லை என்றால் கண்பட்டது நிஜம் என்பார். அதே ஆத்தா எருமைக் கட்டுத்தரைப் பக்கம் வந்தால் என் பாட்டி சட்டென்று பால் சட்டியை முந்தானையில் மூடிவிடுவார். ஒருமுறை எருமை உதைத்துக்கொண்டு பால் விடவில்லை. "அவ பார்த்துட்டுப் போனா, அதான்" என்றார்கள். மறுநாள் அதை மந்திரிக்க யாரைக் கூப்பிட்டார்கள் தெரியுமா? அவரைத்தான். வைக்கத் தெரிந்தவளுக்குத்தானே எடுக்கத் தெரியும் என்று ஊர் நினைத்தது. பயமும் நம்பிக்கையும் ஒரே ஆள்மேல் இருந்தன. அதனாலேயே அவர் பிழைத்துக் கிடந்தார் என்று நினைக்கிறேன்.

இனி கதைகளுக்கு வருகிறேன். பேகன்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதில்லை. எங்கள் பெயரை வில்லிக்கு வைக்காதீர்கள் என்பவர்கள் உண்டு. கதையில் வருகிறவள் வேறு, நாங்கள் வேறு என்று கூம்புத் தொப்பியை மாட்டிக்கொண்டு சிரிக்கிறவர்களும் உண்டு. வேடிக்கை என்னவென்றால், ஹாரி பாட்டர் கதைகளை அமெரிக்காவில் நூலகங்களிலிருந்து எடுக்கச் சொன்னவர்கள் பேகன்கள் அல்ல, மந்திரத்தைக் கவர்ச்சியாகக் காட்டுகிறது என்று பயந்த கிறிஸ்தவப் பெற்றோர்கள். உண்மையில் அந்தக் கதையின் மந்திரத்தில் சாமி கிடையாது, பூசை கிடையாது. பிறவியிலேயே வருகிற திறமை அது. பள்ளியில் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறார்கள்.

என் புத்திக்குச் சரியென்று படுவது மூன்றாவது ஒரு தரப்பு. சூனியக்காரி கெட்டவளாக இருப்பது பெரிய சங்கடமில்லை. கதைக்குக் கெட்டவர் வேண்டும், பிள்ளைகளுக்கும் பயம் கொஞ்சம் வேண்டும். அவள் கெட்டவள் என்று பிள்ளைக்கு எதை வைத்துத் தெரிகிறது? வயது, கூன், பல் இல்லாத வாய், தனி வீடு, பூனை, பச்சிலை. அவள் இன்னும் ஒன்றும் செய்திருக்கவே மாட்டாள், அதற்குள் பிள்ளைக்குத் தெரிந்துவிடும். உங்கள் மகளும் அமுச்சி என்ன செய்தார் என்று பார்க்கவில்லை. அடையாளத்தைப் பார்த்தாள், ஓடினாள்.

கிரிம் சகோதரர்கள் 1812-இல் அச்சிட்ட ஹான்சல், கிரெட்டல் கதையில் பஞ்சத்தின்போது பிள்ளைகளைக் காட்டில் விட்டுவிடலாம் என்று சொல்கிறவள் பெற்ற தாய். 1840 பதிப்பில் அவள் மாற்றாந்தாய் ஆகிவிட்டாள். பெற்றவளே விடத் துணிவாள் என்பதை அச்சில் பார்க்கப் பொறுக்கவில்லை போலிருக்கிறது. காட்டில் பிள்ளைகளைப் பிடித்துச் சுட்டுத் தின்னப் பார்க்கும் மிட்டாய் வீட்டுக் கிழவி, தன் அடுப்பிலேயே வெந்து சாகிறாள். பிள்ளைகள் வீடு திரும்பினால் அந்தத் தாயும் செத்துக்கிடக்கிறாள். இருவரும் ஒருத்திதான், அம்மாவிடமிருந்து உரித்தெடுத்த பயத்தைக் காட்டுக் கிழவிக்குப் போர்த்திவிட்டார்கள் என்று படிக்கிறவர்கள் உண்டு. அது ஒரு வாசிப்பு, நிரூபணம் இல்லை. எனக்கு அந்த வாசிப்பு பிடிக்கும்.

நாம் அந்தப் பயத்தை உரித்தெடுக்கவில்லை, அதையே கும்பிட்டோம். காரைக்கால் அம்மையாரை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காட்டுப் பதிகத்தில் அவர் காட்டும் பெண் பேய்க்கு வற்றிய மார்பு, புடைத்த நரம்பு, குழிந்த வயிறு, செம்பட்டை மயிர், நீண்ட இரண்டு பற்கள். ஆங்கிலப் படக்கதைக்கு ஓவியம் போடுகிறவரிடம் இதைக் கொடுத்தால் அச்சு அசல் விட்ச் போட்டுக் கொடுத்துவிடுவார். அந்தப் பேய் வடிவத்தைத்தான் அம்மையார் சிவனிடம் கேட்டு வாங்கினார். 63 நாயன்மார் வரிசையில் மற்றவர்கள் நிற்க, உட்கார்ந்திருப்பவர் அவர். ஒளவையும் அப்படித்தான்: நரைத்த தலை, கையில் கோல், வீடு வாசல் இல்லை, வாய்க்கு அரசர்களே பயப்பட்டார்கள். நம் பிள்ளைகள் முதலில் ஆத்திசூடி படிப்பது அந்தக் கிழவியிடம்.

நம் பக்கத்திலேயே ஆனைமலை மாசாணியம்மன் இருக்கிறாள். ஆற்றில் மிதந்து வந்த மாங்காயைத் தின்றதற்காக நன்னன் என்ற அரசன் ஒரு பெண்ணைக் கொன்றதைக் குறுந்தொகை 292-ஆம் பாட்டில் பரணர் பாடுகிறார். அவள் எடைக்குப் பொற்பாவையும் 81 யானைகளும் தருகிறோம் என்றும் அவன் கேட்கவில்லை. அவள்தான் மாசாணி என்று ஊரார் சொல்வார்கள். பாட்டு நிச்சயம், அவளே இவள் என்பது ஊர் நம்பிக்கை. களவு கொடுத்தவர்களும் ஏமாந்தவர்களும் அங்கே போய் மிளகாயை அரைத்து நீதிக்கல்லில் பூசுகிறார்கள். எதிராளிக்கு எரிய வேண்டும் என்றுதான். யோசித்துப் பார்த்தால் அதுவும் ஏவல்தான். ஆனால் பட்டப்பகலில், கோயிலில், எல்லார் முன்னாலும், அநியாயமாகக் கொல்லப்பட்ட ஒருத்தியை நடுவராக வைத்துச் செய்கிறோம். யாரும் அதைச் சூனியம் என்பதில்லை.

இந்த இடத்தில் என் முக்கியமான புகார் வருகிறது, அது வெள்ளைக்காரர்கள்மேல் அல்ல. 'விட்ச்' என்ற சொல்லைத் தமிழில் 'சூனியக்காரி' என்று பெயர்த்தவர் யாரோ, பெரிய வம்பை இழுத்துவிட்டார். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கு இன்று இரண்டு முகம் உண்டு. 1900-இல் வந்த ஆஸ் நாட்டு மந்திரவாதி கதையிலேயே வடக்கிலும் தெற்கிலும் நல்ல விட்ச், கிழக்கிலும் மேற்கிலும் கெட்ட விட்ச். விட்ச் எல்லாருமே கெட்டவர்கள் என்றல்லவா நினைத்தேன் என்று சிறுமி கேட்க, அது பெரிய தவறு என்று நல்லவள் திருத்துகிறாள். கதையை எழுதிய பிராங்க் பாமின் மாமியார் மெட்டில்டா கேஜ், சூனிய வேட்டையைக் கண்டித்து 1893-இல் புத்தகம் எழுதியவர். மாமியார் சொல் மருமகன் காதில் ஏறியிருக்கும் என்பது ஊகம்தான், நல்ல ஊகம். (கெட்டவளுக்குப் பச்சைத் தோல் வந்தது 1939 சினிமாவில்.) இதைத் தமிழில் 'நல்ல சூனியக்காரி' என்று எழுதினால், 'நல்ல திருடன்' என்பது போல் இடிக்கிறது. நம் பேச்சில் சூனியம் என்றால் செய்வினை வைப்பது மட்டுமே. வேப்பிலை அடிப்பவரை, பாடம் போடுபவரை, குறி சொல்பவரை, அருள் வந்து ஆடுபவரை யாரும் அந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். நமக்கு ஆளுக்கொரு பெயர் இருந்தது. ஒரே சொல்லைக் கொண்டுவந்து எல்லார் தலையிலும் கவிழ்த்துவிட்டோம். நான் வாசிக்கும்போது 'மந்திரக்காரி' என்று மாற்றிக்கொள்கிறேன். முழுத் திருப்தி இல்லை.

சொல்தானே என்று விட முடியாதபடி வடக்கே நடக்கிறது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை அடிப்பதைத் தடுக்கப் பீகாரில் 1999-இல் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது. ஜார்க்கண்டின் சுட்னி மஹதோ அப்படி ஊரால் துரத்தப்பட்டவர். பிறகு தன்னைப் போன்ற பெண்களைக் காப்பாற்றியதற்காக 2021-இல் பத்மஸ்ரீ பெற்றார். கதைப் புத்தகம் படித்துவிட்டு யாரும் அங்கே கல்லெடுக்கவில்லை. நிலத்தகராறு, நோய், பொறாமை என்று காரணங்கள் வேறு. ஆகவே படக்கதைமேல் அந்தப் பழியைப் போடக் கூடாது.

என் பழியை நான் ஏற்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளி ஆண்டு விழாவுக்கு நாடகம் போட்டேன். சூனியக்காரி வேஷத்துக்கு ஆறாம் வகுப்பில் ஒரு பெண்ணை எடுத்தேன். கறுப்பாக, பல் சற்று எடுப்பாக இருப்பாள். போதாதென்று அடுப்புக்கரியை எண்ணெயில் குழைத்து முகத்தில் பூசி, கையில் சீமாறு கொடுத்தேன். கைதட்டல் அள்ளியது. பத்தாவது முடிக்கும்வரை பையன்கள் அவளைச் "சூனி" என்றே கூப்பிட்டார்கள். போகிறபோது மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்தவள் கேட்டாள், "டீச்சர், அந்த வேசத்துக்கு என்னைய எதுக்குங்க எடுத்தீங்க?" நீ நன்றாக நடிப்பாய் என்று தெரியும் என்றேன். அதற்கு முன் அவள் மேடையே ஏறியதில்லை. அது அவளுக்கும் தெரியும்.

ஆக, புத்தகங்களை நிறுத்த வேண்டாம். நிறுத்தினால் பயம் கெட்டிப்படும். கூட உட்கார்ந்து படியுங்கள், நடுவில் ஒரே ஒரு கேள்வி போடுங்கள்: இவள் சூனியக்காரி என்று யார் சொன்னது? ரோல்ட் டால் 1983-இல் எழுதிய கதையில் சூனியக்காரிகள் அழகாக உடுத்தி, கையுறை போட்டு, சாதாரணப் பெண்களாகவே இருப்பார்கள். இதை வாசித்துக் காட்டும் உங்கள் டீச்சராகக்கூட இருக்கலாம் என்று வேறு எழுதிவிட்டார், என் பாடு திண்டாட்டமாகிவிட்டது. எந்தப் பெண்ணும் சந்தேகத்துக்கு உரியவளே என்று அது சொல்வதாகக் குறைப்படுகிறவர்கள் உண்டு, நியாயம் இருக்கிறது. ஆனால் அதே கதையில் பேரனைக் காக்கும் விவரம் தெரிந்தவள் சுருட்டுப் பிடிக்கும் ஒரு பாட்டி. இன்னும் மூன்று நான்கு வருடம் போகட்டும், டெர்ரி பிராட்செட் 2003-இல் எழுதிய 'தி வீ ஃப்ரீ மென்' கொடுங்கள். சூனியக்காரி என்று ஊர் துரத்தி, குளிரில் செத்துப்போன ஒரு கிழவி. அதைப் பார்த்து ஒன்பது வயதுப் பெண் அந்தக் கிழவி வீட்டு அடுப்பை அளந்து பார்க்கிறாள். இதற்குள் ஆள் எப்படிக் கொள்ளும் என்று கேட்ட முதல் ஆள் அவள்தான்.

அமுச்சியின் மந்திரம் பலிக்குமா என்று மகள் கேட்டால் பொய் சொல்லாதீர்கள். அழுகிற பிள்ளை அந்தக் கை பட்டு, வேப்பிலைக் காற்றில் கண் செருகித் தூங்கியதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மஞ்சக்காமாலைக்கு மந்திரித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டுத் தலையில் அடித்துக்கொண்ட வீட்டையும் பார்த்திருக்கிறேன். இரண்டையும் சொல்லலாம், ஏழு வயதுக்குப் புரியும். அடுத்தமுறை போகும்போது அமுச்சியின் சுருக்குப் பையைப் பிள்ளையே அவிழ்த்துப் பார்க்கட்டும்.

பிள்ளை ஏன் ஓடியது என்று அமுச்சியிடமும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். நீங்கள் நினைக்கிற அளவுக்கு அவர் நொந்துபோக மாட்டார். மேக்காலத் தோட்டத்து ஆத்தா உயிரோடு இருந்தபோது ஒருநாள் பொழுதோட அவர் சாளைத் திண்ணையில் உட்கார்ந்து இந்த மிட்டாய் வீட்டுக் கதையை முழுக்கச் சொன்னேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே கேட்டவர், கடைசியில் ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்: "முட்டாயில ஊடு கட்னா எறும்பு வந்துராதாடி?"